ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு

சிங்கப்பூரில் நான் உத்தியோகம் பார்த்த நாட்களில், ஞாயிறென்றால் சிராங்கூன் சாலைதான். பொள்ளாச்சிக்காரர் ஒருவர், ஈரோட்டுக்காரர் ஒருவர், கோபிக்காரர் ஒருவர், கோயமுத்தூர்க்காரனாகிய நான். 1947-ல் தொடங்கிய கோமளவிலாஸ் அந்தச் சாலையிலேயே இருந்தும், தேக்கா சந்தையில் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்காரர் அறைக்கு நடந்துவிடுவோம். அரிசிம்பருப்பு வீட்டுச் சாதம். அதை ஓட்டலில் தேடக் கூடாது. வாரமெல்லாம் இங்கிலீஷில் மடங்கிக் கிடந்த நாக்கு, முதல் கவளத்திலேயே, "ஏனுங்க, உப்புத் தூக்கலுங்களே!" என்று நிமிர்ந்துவிடும். உடனே சண்டை, சண்டை ஓய்ந்தால் சீட்டாட்டம்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக அங்கே ஊரடங்கு வந்தது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகக் கூடாது. நால்வரும் தனித்தனியே சமைத்துக்கொண்டோம். உப்பு என்னவோ சரியாகத்தான் இருந்தது. குறை சொல்லத்தான் ஆள் இல்லை.