பாட்டிலில் பிடித்த எண்ணெய்

மின்மாற்றித் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கு முதன்மையான வேலை இரண்டு. செம்புச் சுருளுக்கும் இரும்பு உள்ளகத்துக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் மின்சாரம் தாவாமல் தடுப்பது ஒன்று. சுருளில் பிறக்கும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோவது மற்றொன்று. சூடேறிய எண்ணெய் லேசாகி மேலே எழும்புகிறது, ரேடியேட்டர் குழாய்களில் இறங்கி ஆறுகிறது, அடிவழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. தெருமுனை மின்மாற்றியில் பம்ப் எதுவும் கிடையாது. சூடே எண்ணெயை ஓட்டிவிடுகிறது. சுருளைச் சுற்றிய காகிதத்தில் ஊறி நின்று காற்றையும் ஈரத்தையும் அண்டவிடாமல் வைப்பதும் இதே எண்ணெய்தான். எண்ணெயை மாற்றலாம்; சுருளைப் பிரிக்காமல் காகிதத்தை மாற்ற முடியாது. ஆகவே காகிதத்தின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள்.

துணை மின்நிலையத்தில் ‘ஆயில் சாம்பிள்’ எடுப்பவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் இறங்குகிறார்கள். தூறல் விழுந்தால் பாட்டிலைத் திறப்பதில்லை. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதனால் அடி வால்வில்தான் பிடிக்க வேண்டும். வால்வின் வாயைத் துடைத்து, முதலில் வருவதை வாளியில் விட்டு, பாட்டிலை அதே எண்ணெயால் அலசிக் கொட்டிய பிறகே நிரப்புகிறார்கள். நூல் உதிரும் பஞ்சுக் கழிவால் துடைக்கக் கூடாது. பாட்டிலுக்குள் விரல் படக் கூடாது. மடி பார்க்கும் சமையலறையின் கறார் அது.

அந்தக் கறாருக்குக் காரணம் ‘பி.டி.வி.’ சோதனையில் தெரியும். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, 2.5 மி.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு மின்முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றுவார்கள். ஓர் அளவில் எண்ணெய் தோற்று, சட்டென்று பொறி தாவும். இப்படி ஆறு முறை, எடுத்துக்கொள்வது சராசரியை. அதே இடைவெளியில் வெறும் காற்று என்றால் ஏறக்குறைய 7, 8 கிலோவோல்ட்டில் பொறி பாய்ந்துவிடும். இந்தியத் தரமான ஐ.எஸ். 335, வந்திறங்கிய புது எண்ணெய் குறைந்தது 30 கிலோவோல்ட் தாங்க வேண்டும் என்கிறது. வடிகட்டி உலர்த்திய பிறகு 70. எண்ணெய் அதேதான், போனது ஈரமும் தூசியும் மட்டும். ஈரம் குடித்த ஒரு நூலிழை மின்முனைகளுக்கு நடுவே பாலம் போட்டால் அளவு விழுந்துவிடும். நல்ல எண்ணெய் என்பதில் பாதி, அதில் என்னென்ன இல்லை என்பதுதான்.

மீதிப் பாதி எண்ணெயின் சொந்தக் குணம். குறுகிய இடுக்குகளில் ஓட அது நீர்த்திருக்க வேண்டும். பாகுநிலை கூடினால் சூடு உள்ளேயே தங்கும். தீப்பற்று வெப்பநிலை உயர்ந்திருக்க வேண்டும். தரம் கேட்பது குறைந்தது 135 டிகிரி செல்சியஸ். செம்பை அரிக்கும் கந்தகம் இருக்கக் கூடாது. அடர்த்திக்கும் உச்சவரம்பு உண்டு. குளிர்நாட்டில் அடியில் தங்கிய நீர் உறைந்தாலும் பனிக்கட்டி மிதந்து சுருளை எட்டக் கூடாதே! நம் ஊர் வெயிலில் இது யாருக்கும் கவலையில்லை.

கவலை ஈரத்தைப் பற்றித்தான். பகலில் சூட்டில் விரியும் எண்ணெய், இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று ‘பிரீதர்’ குப்பியிலுள்ள சிலிகா ஜெல் வழியாக நுழைகிறது. ஈரம் ஏற ஏற நீல மணிகள் ரோஜா நிறமாகும். அதை மாற்றாமல் விட்டால், கொஞ்ச நாளில் ஃபில்டர் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கும். அது எண்ணெயைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி, வெற்றிடத்தில் தெளித்து ஈரத்தை உறிஞ்சுகிறது. பல சுற்று ஓட்ட வேண்டும். ஆனால் பழசானதால் ஊறிய அமிலம் இதில் போகாது. அமிலம் கூடினால் கசடு படியும், காகிதம் நொறுங்கும். அதை எடுக்க ஒருவகைக் களிமண் வழியே வடிக்கிறார்கள். முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனம்தான் அது.

பெரிய மின்மாற்றிகளில் பாட்டிலோடு கண்ணாடி சிரிஞ்சிலும் எண்ணெய் எடுக்கிறார்கள், காற்றுக் குமிழ் புகாமல். உள்ளே ஏற்படும் கோளாறுகள் எண்ணெயைச் சிதைத்து வாயுக்களாக்கும். அவை எண்ணெயிலேயே கரைந்திருக்கும். எத்திலீன் கூடினால் எங்கோ கடும் சூடு. கார்பன் மோனாக்சைடு கூடினால் காகிதம் சூட்டில் சிதைகிறது என்று சந்தேகிக்கலாம். அசிட்டிலீன் தலைகாட்டினால் உள்ளே பொறி பறந்திருக்கக்கூடும். வெளியே மின்மாற்றி வழக்கம்போல ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டிருந்தாலும், அடுத்த சாம்பிளுக்கு ஆட்கள் மறுமாதம்வரை காத்திருப்பதில்லை.