வாசலில் நின்ற யானை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர் நம் முன்னோர். பழைய உயர்ரகக் காருக்கு இப்பழமொழி பாதிதான் பொருந்தும். ஓடுகின்ற வரையில் அது ஆயிரம் பொன்னைக் கேட்கும்; ஓடாமல் நின்றுவிட்டாலோ இரும்பு எடைக்குத்தான் போகும். நான்கு ஆண்டுகள் அத்தகைய யானையொன்றைக் கட்டித் தீனி போட்ட அனுபவம் நமக்கு உண்டு. வாசகக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது பயன்படும் என்பதற்காக மட்டும் அதனை இங்கே எழுதவில்லை. நம் உள்ளத்தைவிட்டு அகலாத ஒரு விடியற்காலையின் பொருட்டும் எழுதுகிறோம்.

மருத்துவராயிருந்த நம் தமையனார் 2018-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று 1996-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் இ220 கார். ஆலை முதலாளி ஒருவர் எட்டாண்டுகள் ஓட்டிய பின்னர் அவரிடமிருந்து தமையனார் வாங்கியது அது. அடக்கச் சடங்குகள் முடிந்து சில மாதங்கள் கழிந்தபின் அண்ணியார் நம்மை அழைத்து, "சாமி, அவர் தம் கையாலேயே துடைத்துப் பாதுகாத்த வண்டி. அந்நியருக்கு விற்க மனம் வரவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மறுக்க நா எழவில்லை. இறந்தவர் பெயரிலிருந்து மாற்றுவதற்குரிய படிவம் 31-ஐ நிரப்பி, 2019-இல் வண்டியை நம் பெயருக்கு மாற்றிக்கொண்டோம்.

அக்காரின் பெருமையைச் சொல்லாமல் விடுவது நன்றி மறந்த செயலாகும். 1984-இல் ஜெர்மனியில் பிறந்த வரிசை அது. உலகெங்கும் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. 1995-இல் அந்நிறுவனம் புனேயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது முதலில் வந்ததும் அதுவே. 2,199 கன சென்டிமீட்டர் எஞ்சின். 150 குதிரைத் திறன். முன்கண்ணாடியைத் துடைப்பதற்கு ஒரே ஒரு கைதான். ஆயினும் அது நீண்டும் குறுகியும் அசைந்து கண்ணாடியின் 86 விழுக்காட்டைத் துடைத்துவிடும். நிறுத்தத்திற்குரிய பிரேக் இருக்கையருகே இராது. இடக்காலால் மிதித்துப் பூட்டி, எதிரே உள்ள பிடியை இழுத்து விடுவிக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு முதன்முறை ஏறியபோது, ஏற்றத்தில் நின்ற இடத்தில் பழக்கதோஷத்தால் கையை இருக்கையின் பக்கத்திலே தேடிப் பின்னால் வந்த பேருந்துக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்! ஆனால் மழை பெய்யும் மலைப்பாதையில், உடல் குலுங்காமல், கதவுக்கு வெளியே உலகம் ஓசையின்றி நகர்வதைக் கண்டபோது, தமையனார் அதனை ஏன் அவ்வளவு நேசித்தார் என்பது விளங்கிற்று.

இனித் தீனியின் கதை. கார் பழையதாக ஆக அதன் விலை இறங்கும். ஆனால் அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. இந்த எளிய உண்மையை உணராமல்தான் பலர் ஏமாறுகின்றனர். எவ்வளவு உறுதியான இரும்பால் செய்த வண்டியானாலும் அதனுள்ளே ரப்பர் உண்டு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர், சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் புஷ், தண்ணீர்க் குழாய், கதவோரப் பட்டை ஆகிய அனைத்தும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடையும். முதலாண்டில் இவற்றை மாற்றவே 90,000 ரூபாய் சென்றது. பெட்ரோல் லிட்டருக்கு நகரினுள் 7 கிலோமீட்டருக்குமேல் அது தந்ததில்லை.

மற்றொரு செலவு முழுக்க முழுக்க நம் குற்றம். ஒரு கோடையில் ரேடியேட்டரில் குளிர்விப்பான் குறைந்திருக்கக் கண்டு, கடைக்குச் செல்லச் சோம்பி, பங்கு இல்லத்து ஆழ்குழாய் நீரை ஊற்றினோம். பின்னரும் பலமுறை ஊற்றினோம். உப்பு நீர் உள்ளே அரித்து அடைத்தது. ஒருநாள் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்ட பின்னரும், "இன்னும் இரண்டே கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினோம். எஞ்சின் தலைப்பகுதியைக் கழற்றிச் சீராக்க 68,000 ரூபாய் ஆயிற்று. மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வண்டிக்கு வயசாயிடுச்சு சாமி. ஆனா அதோட நாக்கு இன்னும் ராஜா வீட்டு நாக்குதான்."

நம் நாக்கும் அவ்வாறே ஆகிக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. குருக்கள் எளிய வாழ்வை மேற்கொண்டு, வீண்பகட்டின் சாயல் உள்ளவற்றை விலக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 282-ஆம் விதி. 2013 ஜூலையில் குருமாணவர்களிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், புத்தம்புதிய மாடல் காரில் செல்லும் குருவையோ துறவியையோ காண்பது தமக்கு வேதனை தருகிறது என்றும், கார் தேவைதான், ஆனால் எளியதாக இருக்கட்டும் என்றும் கூறினார். அதே ஆண்டில் இத்தாலியக் குரு ஒருவர் அளித்த பழைய ரெனால்ட் 4 காரை அவர் ஏற்றுக்கொண்டார். இவையெல்லாம் நமக்குத் தெரியும். ஆயினும், "நம்முடையது புத்தம்புதியது அன்றே, பீடச் சிறுவர்களைவிட வயதில் மூத்ததாயிற்றே, வாங்கியதும் அன்று, தமையனார் நினைவாக வந்ததாயிற்றே" என்று நம்மையே நாம் தேற்றிக்கொண்டோம். சாக்குகள் எல்லாம் உண்மையாகவே இருந்தன. அதுதான் அவற்றின் ஆபத்து.

2022 ஜூன் மாதம் புதிய பங்கிற்கு மாற்றலாகி வந்தோம். இரண்டாம் வாரம், மக்கள் இன்னும் நம்மை அறியார், நம் வண்டியையும் அறியார். ஒரு விடியற்காலை நான்கரை மணிக்கு வாயில்மணி ஒலித்தது. சலவைத் தொழில் செய்யும் ஒருவர் நின்றார். தம் தாயார் சற்றுமுன் இறந்துவிட்டதாகவும், அடக்கத்திற்கு நேரம் குறித்துத்தர வேண்டும் என்றும் கேட்டார்.

"நோயிற்பூசுதலுக்கு ஏன் அழைக்கவில்லை, ஐயா?" என்றோம்.

அவர் தயங்கித் தலைகுனிந்தார். "ராத்திரி பத்து மணிக்கு வந்தேன் சாமி. அம்மா சாமியாரைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ளே பெரிய கார் நின்னுச்சு. ஆயரோ, பெரிய மனுசங்க யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன். தொந்தரவு பண்ண வேணாம்னு கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

அச்சொற்களில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அவர் நம்மைக் குற்றம் சாட்டியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். இரவு பத்து மணிக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மேசைமுன் அமர்ந்து, அம்மாதத்துப் பெட்ரோல் கணக்கைக் குறிப்பேட்டில் கூட்டிக்கொண்டிருந்தோம். அவர் இல்லம் இரண்டு தெருக்களுக்கு அப்பால். அந்தச் சந்தினுள் நம் கார் நுழையவும் முடியாது. நடந்தே போயிருக்கலாம்.

அன்று அவ்வன்னையின் உடலருகே முழந்தாளிட்டபோது செபச் சொற்கள் தொண்டையில் நின்றன. இறைவனின் இரக்கம் எந்தக் கதவாலும் தடைபடாது என்று மகனுக்கு ஆறுதல் கூறினோம், அதனை நம்புகிறோம். ஆனால் குருவுக்காகக் காத்திருந்த ஒரு தாயின் கண்களுக்கும் நமக்கும் இடையே நின்றது நம் வாசலில் இருந்த பொருள் என்பதை எந்த ஆறுதலும் மாற்றாது.

முதலில் காரைப் பள்ளிக்கட்டடத்தின் பின்புறம் நிறுத்தினோம். அது மறைப்பதேயன்றி வேறன்று என்று மனச்சாட்சி உறுத்தியது. இறுதியில் அண்ணியாரிடம் சென்று யாவும் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்த அவர், "அவர் எத்தனை இரவுகள் யாரோ தட்டினார்கள் என்று எழுந்து போயிருக்கிறார்! அவரே இருந்தாலும் விற்றுத்தான் இருப்பார். விற்றுவிடுங்கள் சாமி" என்றார். 2023-இல், பழைய கார்களைப் பேணுவதில் ஆர்வமுள்ள கோவை அன்பர் ஒருவர் வாங்கிச் சென்றார். கிடைத்த தொகை நாம் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது நம்மிடம் இருப்பது பிறர் ஓட்டிய சிறிய கார். மழைநாளில் அந்த ஒற்றைக் கைத் துடைப்பானை நினைத்துக்கொள்வதுண்டு; மறைப்பானேன்?

அன்பு வாசகர்களே, இத்தகைய கார் வைத்திருப்பது பாவம் என்று நாம் கூறவில்லை. நம் தமையனாரிடம் அது நன்றாகவே இருந்தது. வாங்க விழைவோர் சிலவற்றைக் கவனியுங்கள். அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் உங்கள் ஊருக்கு அருகில் உண்டா என்று முதலில் தேடுங்கள். காரைப் பின்னர்த் தேடலாம். பராமரிப்புக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களில் சென்னையில் பல கார்கள் மூழ்கின. ஆதலால் இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை உண்டா என்று பாருங்கள். பதிவுச் சான்றில் கடன் குறிப்பு நீங்கியுள்ளதா என்று பார்த்து, படிவம் 29, 30 ஆகியவற்றைத் தாமதமின்றிச் செலுத்துங்கள். பதினைந்து ஆண்டுகள் நிறையும் நாளைக் கணக்கிடுங்கள்; அதற்குமேல் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. வாங்கும் விலையில் மூன்றிலொரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுகளுக்கென ஒதுக்கி வையுங்கள். அது இயலாதெனில் அந்தக் கார் உங்களுக்குரியதன்று.

அனைத்தும் பார்த்து முடித்தபின் இன்னும் ஒன்று செய்யுங்கள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே தெருவில் போய் நில்லுங்கள். உங்கள் உதவியை நாடி வருகின்ற ஏழை உறவினர் ஒருவரின் கண்ணால் அதனைப் பாருங்கள். அவர் மணியை அழுத்துவாரா, திரும்பிச் செல்வாரா? நாம் அவ்வாறு ஒருமுறையும் வெளியே நின்று பார்த்ததில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் வாயில்விளக்கை ஏற்றும்போது பார்க்கிறோம்.