கண்ணாடித் தொட்டிக்கு ஒரு மீன்

சகோதரிகளே, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் என்றைக்காவது ஒரு நாள் "உம்மா, மீன் வளர்ப்போமா?" என்ற கேள்வி வந்தே தீரும். எங்கள் வீட்டில் அது வந்தபோது இளைய மகளுக்கு எட்டு வயது. கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் தோட்டத்தை ஒட்டிய கடைத்தெருவில் நாங்கள் இருக்கிறோம்.

ஒரு நாள் அவிசாவளைக்குப் போனபோது, அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் பிளாஸ்டிக் கோப்பைகளில் தனித்தனியாக ஃபைட்டர் மீன்களை வைத்திருந்தார்கள். மயில் கழுத்து நீலம். விசிறிபோல் விரிந்த வால். மகள் அதைத்தான் காட்டினாள். உள்ளதைச் சொன்னால், சேலைக் கடையில் நிறம் பார்க்கும் அதே கண்ணால்தான் நானும் பார்த்தேன். செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு அது அடியில் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டில் ஓர் அச்சாறு போத்தலைக் கழுவி, வெள்ளைக் கல்லும் பிளாஸ்டிக் பூவும் போட்டு அதில் விட்டோம். ஒன்பதாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது அது மிதந்தது.

"உம்மா, போத்தலில் வைத்தால் அது மௌத்தாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மகள் கேட்டாள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணின் ஹதீஸை இதே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பதில் வரவில்லை.

என்னிடம் தமிழ் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் லயத்துக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறான். அவனிடம் போனேன். "டீச்சர், நிறத்தைக் கடைசியாப் பாருங்க" என்றான். விரலைக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்கிறதா, செட்டையை விரிக்கிறதா, வயிறு ஒட்டியோ உப்பியோ இருக்கிறதா, இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. நீள வால்காரனுக்கு அந்த வாலே சுமை. நீந்திக் களைத்துத் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. மாவு பூசினாற்போல் தடித்த செதிலுள்ள 'டிராகன்' வகையில் சிலவற்றுக்குக் கண்மேலும் செதில் படர்ந்து பார்வை போகும். பல நிறத் திட்டுள்ள 'மார்பிள்' வகையோ இன்று ஒரு நிறம், மூன்று மாதத்தில் வேறு நிறம். நிறத்துக்காக வாங்குகிறவர் ஏமாறும் இடம் அதுதான்.

இந்த வண்ணமெல்லாம் மனிதன் வளர்த்தெடுத்தவை. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் அசல் மீன், சின்ன வாலோடு மங்கலாகத்தான் இருக்கும். அங்கே அதைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டுவதும் உண்டு; 2019இல் அதையே தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தார்கள்.

மகளுக்கு இன்னொரு யோசனை: "கடைக்கு ஏன்? நம்ம ஓடையிலேயே அழகான மீன் இருக்கே." உண்மைதான். இனப்பெருக்கக் காலத்தில் முகம் சிவக்கும் மீனுக்குச் சிங்களத்தில் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை மெல்பவன் என்று எவ்வளவு பொருத்தமான பெயர்! ஃபைட்டருக்குச் சொந்தமான 'மல்புலுட்டா'வும் நம் ஈரவலய ஓடைகளில் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. எங்கள் மாவட்டத்துக் கலபிட்டமடவில் ஒரே ஓர் ஓடையில் வாழ்ந்த சின்ன மீனுக்கு 1991இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள், பந்துல என்று. அது இன்று அழிவின் விளிம்பில். அதனால் ஓடை மீன் ஓடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வளர்த்து அலுத்த மீனை ஓடையில் விடுவதும் வேண்டாம், சகோதரிகளே.

தொட்டி விஷயத்தில் இந்த முறை அவசரப்படவில்லை. இருபது லீற்றர் தொட்டி. அடியில் ஓர் அங்குல மண், மேலே ஓர் அங்குல ஆற்று மணல். தோட்டத்து மண்ணை எடுக்கவில்லை; உரமும் களைகொல்லியும் பட்ட மண் அது. பண்ணையில் வளர்த்த கிரிப்டோகொரைன் செடி நட்டேன். அந்த இனத்தில் பல நம் நாட்டு ஓடைகளிலிருந்தே உலகமெங்கும் போனவை. நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துவிட்டது! பிடுங்கி எறியப் போனேன். "வேர் இருக்கு, பொறுங்க டீச்சர்" என்றான் பையன். தளிர்த்தது. ஒரு மாதம் மீன் இல்லாமலே தொட்டி இருந்தது, வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

எங்களுக்குப் பீலித் தண்ணீர் என்பதால் குளோரின் கவலை இல்லை. டவுனில் உள்ளவர்கள் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தே ஊற்ற வேண்டும். காய்ந்த கொட்டம்பா இலை ஒன்று போட்டால் தண்ணீர் பிளேன்டீ நிறமாகும். மீனுக்கு அது பிடித்தமானது. ஃபைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், துள்ளியும் விழும். ஆகவே மூடி வேண்டும், மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியும் வேண்டும். கிழமைக்கொரு தரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம். டெங்கு பார்க்க வந்த பீ.எச்.ஐ. ஐயாவும் தொட்டியை எட்டிப் பார்த்தார். புழு எங்கே இருக்கும், அதைத்தான் மீன் தின்றுவிடுகிறதே!

இரண்டாம் மீனை மகள்தான் தெரிவு செய்தாள். பையனின் போத்தல் வரிசையில் நீலமும் இருந்தது. அவள் அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டை வாலுள்ள, செங்கல் நிற மீனொன்று அவள் விரலின் பின்னாலேயே வந்தது. "இதுதான்" என்றாள். கடையில் பார்த்திருந்தால் நான் அதைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டேன். கறுத்த மணலுக்கும் பச்சை இலைக்கும் நடுவில் இப்போது அது பழுத்த மிளகாய்போலத் தெரிகிறது.

போன வாரம் கொட்டம்பா இலைக்கடியில் நுரைக் கூடு கட்டியிருந்தது. பெண் மீன் இல்லாமலே ஆண் அப்படிக் கட்டும். "பாவம் உம்மா, வீடு கட்டிவிட்டு ஆள் இல்லாமல் இருக்கு" என்று மகள் பெண் மீன் கேட்கிறாள். சின்னத் தொட்டியில் ஆண் அதைக் கடித்தே கொன்றுவிடும் என்று எத்தனை தரம் சொல்லியும் அவள் நம்புவதாயில்லை.