செம்பூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுரைப் பையன் போன மாதம் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டான். "சார், செம்பூர்ல இருந்து கார்ல போயிட்டு வர்ற தூரத்துல கேசினோ எதுவும் இருக்கா?"

"இருக்கு தம்பி. பன்வெல் தாண்டினா ஒரே ரோடு. தெற்கே சுமார் 550 கிலோமீட்டர். விடியக்காலை கிளம்பினா பொழுது சாய பணஜி போயிடலாம்" என்றேன்.

பையன் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஊரில், இவ்வளவு பணம் புழங்கும் ஊரில், ஒன்றுகூட இல்லையா என்றான். நியாயமான கேள்விதான். மகாராஷ்டிராவில் 1976-லேயே கேசினோவுக்கு லைசென்ஸ் கொடுத்து வரி போட ஒரு சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த அரசும் வெளியிடவே இல்லை. 47 வருடம் அலமாரியில் தூங்கிய அந்தச் சட்டத்தை 2023-ல் ரத்தே செய்துவிட்டார்கள். திறக்காத அக்கவுண்ட்டை க்ளோஸ் பண்ணிய மாதிரி :-)

அதனால் மும்பைக்காரன் கேசினோ பார்க்க வேண்டுமென்றால் கோவாதான். அங்கே 1992-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஸ்லாட் மெஷினுக்கும், 1996-ல் கப்பலில் மேசை ஆட்டத்துக்கும் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். மாண்டவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்பவை அப்படி வந்த கப்பல்கள்தாம்.

பையனுக்கு இவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்ற வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது தாராவி 90 அடி சாலைப் பக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மா விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, தூக்கில் வைத்து சயான் பக்கம் விற்றுவிட்டு வருவாள். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது எட்டு நடந்தால் டீக்கடை. அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தர் துண்டுச் சீட்டில் மட்கா நம்பர் எழுதுவார். அப்பாவின் கேசினோ அந்த பெஞ்சுதான்.

மட்கா தெரியாதவர்களுக்கு: நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை பம்பாய்க்குத் தந்தியில் வரும். அதன் மேல் பந்தயம் கட்டுவார்கள். 1960-களின் தொடக்கத்தில் அது நின்றுபோனதும், கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி என்று இரண்டு பேர் தாங்களே நம்பர் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். முதலில் பானையிலிருந்து சீட்டு எடுத்ததால் மட்கா என்று பெயர். பிறகு மூன்று சீட்டு உருவி, கூட்டி, கடைசி இலக்கத்தை அறிவிப்பார்கள். கத்ரியின் மட்காவில் ராத்திரி 9 மணிக்கு 'ஓப்பன்', நள்ளிரவில் 'குளோஸ்'. ஒற்றை நம்பர் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது, ஜோடி விழுந்தால் ஒன்றுக்குத் தொண்ணூறு.

குளோஸ் வரும்வரை அப்பா தூங்க மாட்டார். அம்மா தூங்குகிற மாதிரி படுத்திருப்பாள். காலையில் அரிசி வாங்க டப்பாவில் வைத்த காசு குறைந்திருக்கும். அம்மா கேட்க மாட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் சத்தமாக மூடுவாள், அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது. எவர்சில்வர் மூடியை யார் சத்தமாக மூடினாலும் எனக்குப் பிடிக்காது. என் மனைவிக்கு ரொம்ப நாள் காரணம் தெரியாது.

பி.காம் படிக்கும்போதுதான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து நம்பரிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டினால் நூறு போகும், தொண்ணூறு வரும். நூற்றுக்குப் பத்து நடத்துகிறவனுக்கு. அப்பாவிடம் நோட்டில் எழுதிக் காட்டினேன். "எல்லா நம்பர்லயும் எவம்ல கட்டுவான்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வங்கியில் சேர்ந்து, கல்யாணம் ஆகி, செம்பூருக்கு வந்த பிறகு, 2016-ல் என்னைப் பெலகாவிக்கு மாற்றினார்கள். குடும்பம் செம்பூரில், நான் அங்கே. இரண்டாம் சனி, நான்காம் சனி லீவு என்று 2015 செப்டம்பரில்தான் வங்கிகளுக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் கிளைப் பையன்கள் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஜாம்போட்டி, சோர்லா மலைப்பாதை, இறங்கினால் கோவா. மூன்று மணி நேரம்கூடச் சரியாக ஆகாது. நடுத்தரமான ஒரு ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் கேசினோ இருப்பது நல்லதா என்று அப்போது யோசிக்கவில்லை.

செம்பூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த மச்சினனை (மனைவியின் தம்பி, ஸ்டேஷன் பக்கம் மொபைல் சாமான் கடை வைத்திருக்கிறான்) அப்படி ஒரு சனிக்கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். படகுத்துறை கவுண்ட்டரில் 21 வயது ஆனதற்கு அடையாள அட்டை, நுழைவுக் கட்டணம், பிறகு சின்னப் படகில் ஏற்றிக் கப்பலுக்கு. சாப்பாடு கட்டணத்திலேயே சேர்த்தி. கூடவே கொஞ்சம் சிப் தருவார்கள், அதை ஆடலாமே தவிரக் காசாக்க முடியாது. உள்ளே சக்கரம் ஒரு பக்கம், அந்தர் பாஹர் ஒரு பக்கம். அந்தர் பாஹர் மேசையில்தான் கூட்டம், நம்ம ஆட்டமாச்சே.

நான் வழக்கம்போலக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு சைபர் வைத்த சக்கரத்தில் 37 கட்டம். ஒரு நம்பரில் கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 36 மடங்கு கைக்கு வரும். வீட்டுக்காரன் பங்கு 37-ல் ஒன்று, அதாவது 2.7 சதவீதம். அப்பாவின் மட்காவில் பத்து! அட, இது தேவலையே என்று தோன்றியது. மட்காவில் ஒரு நாளைக்கு இரண்டு நம்பர்தான், இங்கே சக்கரம் நின்றதும் அடுத்த சுற்று என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தடவைக்கு 500 ரூபாய் வைத்து மணிக்கு 40 சுற்று ஆடினால் 20,000 ரூபாய் உருள்கிறது. அதில் 2.7 சதவீதம் 540. மணிக்கு 540 ரூபாய் சராசரியாகப் போகும், ஜெயிக்கிற மாதிரி இருந்துகொண்டே போகும். (இப்போது இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. 2023 அக்டோபரில் சிப் வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஆக்கினார்கள், 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. சக்கரத்தின் 2.7 அதற்கு முன்னால் தூசு.)

இதை விளக்கலாம் என்று திரும்பினேன். மச்சினன் 18,000 ரூபாய் ஜெயித்து நின்றுகொண்டிருந்தான். "அத்தான்!" என்று கட்டிப்பிடித்தான். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். திரும்பும் வழியில் பெலகாவியில் எனக்குக் குந்தா வாங்கிக் கொடுத்தான்.

அப்புறம் அவன் மூன்று தடவை வந்தான். 2019-ல் நான் மும்பைக்கே திரும்பியதும் அது நின்றுபோனது. 550 கிலோமீட்டர், பஸ், ரூம், கடைக்கு லீவு, மனைவியிடம் ஒரு காரணம். இத்தனையும் வேண்டுமே. முடிந்துபோன கதை என்றுதான் நினைத்தேன்.

2021 ஜனவரியில் போன் செய்தான். "அத்தான், கடைக்குச் சரக்கு போடணும், டாப்-அப் லோன் ஏதாவது கிடைக்குமா?" ஸ்டேட்மெண்ட் அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். வாட்ஸ்அப்பில் வந்தது. சொந்தக்காரன் ஸ்டேட்மெண்ட்டைப் பார்ப்பது ஒரு சங்கடம், அடுத்தவன் வீட்டு அலமாரியைத் திறக்கிற மாதிரி. முதல் பக்கத்திலேயே புரிந்துவிட்டது. 199, 500, 500, 1000, 500, 2000. ஒரே பெயருக்கு. நேரம் ராத்திரி 1.40, 1.52, 2.10. ஆன்லைன் ரம்மி. லாக்டவுனில் கடை மூடிக் கிடந்த நாட்களில் ஆரம்பித்திருக்கிறது.

பென்சில் எடுத்துக் கூட்டினேன். போனது 6,38,000. திரும்பி வந்தது 2,11,000. நிகரம் 4,27,000. இது போக, மனைவியின் 11 பவுன் நகை வேறொரு வங்கியில் அடகில். லாக்கரில் இருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

அன்றைக்கு ராத்திரி என் மனைவியிடம் சொன்னேன். கணக்குப் போட்ட தாளையும் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"உங்க கணக்கெல்லாம் இருக்கட்டும். என் தம்பிய முதல்ல கப்பல்ல ஏத்தினது யாரு?"

பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

அரசாங்கங்களுக்கு மட்டும் இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோவாவில் 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் கேசினோவுக்குள் போக முடியாது. வெளியூர்க்காரன் தாராளமாக வரலாம். மொனாக்கோவிலும் சொந்தக் குடிமக்களுக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு கேசினோ திறந்தபோது, வெளிநாட்டுக்காரருக்கு இலவசம், உள்ளூர்க்காரருக்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவு வரி என்று வைத்தார்கள். 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். தூரம் இல்லாதவனுக்குக் காசால் ஒரு தூரம் போட்டிருக்கிறார்கள். என் அப்பாவுக்கு நாற்பது எட்டுதான் தூரம். மச்சினனுக்கு அதுவும் இல்லை, தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

கடனை எல்லாம் ஒன்றாக்கி, மாதத் தவணை போட்டு, 2024-ல் நகையை மீட்டோம். போனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. அன்றைக்கு மச்சினன் பேப்பரைக் காட்டி, "இனிமே எல்லாரும் கோவாவுக்குத்தான் வண்டி கட்டணும் அத்தான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் மனைவி சிரிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போக நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கவில்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து காரிலேயே கிளம்பினோம். பன்வெல்லில் தொடங்கும் அந்த 66-ம் எண் சாலை கன்னியாகுமரியில்தான் முடிகிறது. கோவா வழியில்தான் வரும், வேறு வழி போட வேண்டுமா என்று நான் யோசித்தேன், வாய் விட்டுச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

சாவந்த்வாடி தாண்டும்போது இருட்டிவிட்டது. மச்சினன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். மாண்டவிப் பாலத்தில் தெற்கே போகும்போது கப்பல்கள் வலது பக்கம், அதாவது ஓட்டுகிறவர் பக்கம் தெரியும். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பர்வரியில், வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அத்தான், நீங்க ஓட்டுங்க."

இறங்கி, சுற்றி வந்து, இடது பக்க சீட்டில் உட்கார்ந்தான். நான் பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பின்னால் என் மனைவி பிள்ளைகளுக்குப் புளிசாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவை மூடும் சத்தம் கேட்டது, மெதுவாக.