கண்ணாறும் கரையீடும்

பிப்ரவரி 9, திருவையாறு பக்கம்

சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள். மாமாவுடன் சுற்றி வந்தேன். அவருக்கு மொத்தமே நாலு மா. தலைமடையில் ஒன்று, மேட்டில் அரை, நடுவில் இரண்டு, கடைமடையில் வடிகாலை ஒட்டி அரை. பட்டாவில் ஹெக்டேர் என்றிருந்தாலும் இங்கே பேச்சு மாவில்தான்: பன்னிரண்டடிக் கோலால் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி.

“எல்லாம் ஒரே இடத்துல இருந்தா நல்லதில்லையா மாமா?”

“மழை கொட்டுனா கடைமடை போவும். தண்ணி வராட்டி மேடு போவும். ரெண்டும் சேந்து போவாதுல்ல மாப்ளே.”

பிப்ரவரி 10

மாமா சொன்னதுதான் கரையீட்டின் அடிப்படையும். ‘சமுதாயம்’ எனப்பட்ட கிராமங்களில் மிராசுதாருக்குப் பங்கு மட்டுமே உண்டு, சொந்த வயல் கிடையாது. நிலத்தைத் தரம் பார்த்துப் பிரித்து, சில ஆண்டுக்கொருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள்; அதுதான் கரையீடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சையில் அத்தகைய ஊர்கள் ஆயிரத்துக்கு மேல். ரயத்துவாரிப் பட்டா வந்தபின் சீட்டு மெல்ல நின்றது. இன்றைய சிதறலுக்கு அந்தப் பழைய பங்கீடும் பாகப்பிரிவினையும் காரணம். இங்கிலாந்தில் லாக்ஸ்டன் என்ற ஊர், இப்படிச் சிதறிய துண்டுகளாலான தன் பழைய பொது வயல்களை இன்றும் பேணுகிறது. நமக்கோ சிதறல் என்றாலே குறை.

ஆனால் கரையீட்டின் நியாயம் பங்காளிகளுக்குள் மட்டும்தான். சேற்றில் நின்ற பண்ணையாளுக்குப் பங்கே இல்லை. அவருக்கென்று பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல். இதைச் சொல்லாமல் கரையீட்டைப் புகழ எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 12, தஞ்சாவூர்

பெரிய கோயில். ராஜராஜன் 1001 வாக்கில் நாட்டை அளக்கச் செய்தான். கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த கல்வெட்டுகளில் நத்தம், சேரி, குளம், வாய்க்கால், சுடுகாடு என ஒவ்வொன்றையும் கழித்த பிறகே வரி நிலம் கணக்காகிறது. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் வயலுக்கு விலாசமே உண்டு: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு (சிறு வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (சதுரத் துண்டு).

பிப்ரவரி 13

கண்ணாறு இன்றும் கண்ணாறுதான். மாமா வயலோரம் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். கரையில் கோரை, அடியில் வண்டல். மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டினால் மடை திறந்துவிடும். மேல் வயல்காரர் விட்டால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். கீதாரிகள் கிடை போட வந்துவிட்டார்கள். ஆடுகள் வரப்பு பார்ப்பதில்லை.

சாலையோரம் மனை போட்டவர்கள் கண்ணாற்றைத் தூர்த்ததால் கீழே ஏழெட்டுப் பேர் வயலுக்குப் பாய்ச்சல் இல்லை. புலப்பட நகல் வாங்கி, அவர்களிடம் கையெழுத்துப் பெற்று, திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.