ஐவரியா, பிஸ்கட் கலரா?



பொங்கல் வருகிறது, வீட்டுக்கு வண்ணம் அடிக்கிற காலம். "டீச்சர், ஐவரி நல்லா இருக்குமா, பிஸ்கட் கலர் நல்லா இருக்குமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் எங்கள் குடும்பத்திலும் இரண்டு வீடுகளில் இதே கேள்விதான்.

ஐவரி என்பது வெள்ளையில் துளி மஞ்சள். பிஸ்கட் கலரில் அதோடு கொஞ்சம் பழுப்பும் உண்டு. ஐவரி வெளிச்சத்தை அதிகம் திருப்பித் தரும். பிஸ்கட் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடலூரில் எங்கள் ஹால் கிழக்குப் பார்த்தது. காலை ஏழு மணிக்கே வெயில் கண் கூசும். அங்கே ஐவரி வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. பிஸ்கட் கலர்தான் கண்ணுக்கு இதம். அதையே அடித்தோம்.

சிதம்பரத்தில் தம்பி வீடு பழைய வீடு. அம்மாவின் அறைக்கு முற்றத்து வெளிச்சம் மட்டும்தான். தரை ரெட் ஆக்சைடு; அந்தச் சிவப்பும் சுவரில் படும். மாதிரிக்கு அடித்த பிஸ்கட் கலர் அங்கே மண் சுவர் போல் இருண்டுவிட்டது.

அம்மாவுக்கு வயது 86. கண்புரை இருந்தால் எல்லாமே மங்கலாக, மஞ்சள் பாய்ந்துதான் தெரியும். சுவரும் நிலைப்படியும் ஒரே பழுப்பாக இருந்தால் வாசல் தெரியாது. ஆவணியில் ஒருமுறை நிலையில் இடித்துக்கொண்டு விழுந்தே விட்டார்கள்.

தம்பி மனைவி சொன்னதும் நியாயம்: "அண்ணி, அத்தை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாங்க. ஐவரி ஒரே மாசத்துல அழுக்காயிடும்."

கடைசியில் தரையிலிருந்து மூன்றரை அடி வரை துடைக்கக்கூடிய பெயிண்டில் பிஸ்கட், அதற்கு மேலே ஐவரி, நிலைக்கு அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம் என்று முடிவானது. சுவிட்ச் போர்டைச் சுற்றியும் அதே நிறத்தில் ஒரு பட்டை. இப்போது அம்மா யாரையும் கூப்பிடாமல் தாமே விளக்குப் போடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது:

கலர் அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரம் அடியுங்கள். எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும். காய்ந்த பிறகு பாருங்கள்.

காலை, மதியம், விளக்குப் போட்ட பின் என மூன்று வேளையும் பாருங்கள். 3000 கெல்வின் பல்பில் இரண்டுமே கூடுதல் மஞ்சளாகும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பிஸ்கட் சோர்ந்து தெரியும்.

சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் எந்த நிறமும் பொரிந்து உதிரும்.

அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.
உங்கள் டீச்சர்