விண்கல் சுரங்கமும் நான் கேட்காத ஒரு கேள்வியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க, கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு.

போன மாசம் பையனோட உட்கார்ந்து 'தி எக்ஸ்பான்ஸ்' தொடர் பார்த்தேன். எதிர்காலத்துல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்குற விண்கற்கள்ல சுரங்கம் தோண்டுற தொழிலாளிகளோட கதை. ஈர்ப்பு விசை குறைஞ்ச இடத்துலயே பிறந்து வளர்ந்ததால அவங்க எலும்பு நீண்டு மெலிஞ்சிருக்கும். ஒருத்தனைப் பூமிக்குக் கொண்டுவந்து விசாரிப்பாங்க. அடிக்கவே வேண்டாம், பூமியோட ஈர்ப்பே அவனுக்குச் சித்திரவதை.

"இதெல்லாம் நிஜமாப்பா?"ன்னான். விடுவேனா? ஆரம்பிச்சேன்.

சர்வதேச விண்வெளி நிலையத்துல இருக்கறவங்க தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்யணும். இல்லாட்டி இடுப்பு எலும்போட அடர்த்தி மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும்.

அடுத்தது தூசி. 1972-ல அப்போலோ 17-ல போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு, விண்வெளி உடையில ஒட்டி வந்த நிலாத் தூசியாலயே மூக்கடைப்பு வந்துச்சு. நிலாவுல காத்தும் மழையும் இல்லை. அதனால தூசியோட முனை மழுங்காம, கண்ணாடித் தூள் மாதிரி கூர்மையா இருக்கும். "விண்கல் சுரங்கம் வந்தா முதல்ல நுரையீரல் டாக்டர்தான் வேணும்"னு பெருமையா முடிச்சேன்.

அடுத்த திங்கக்கிழமை திருவண்ணாமலையில என் கிளினிக்குக்கு ஒரு பெரியவர் வந்தார். 70 தாண்டினவர், எட்டு மாசமா மூச்சிரைப்புக்கு என்கிட்டதான் பார்க்கிறார். பௌர்ணமி தவறாம 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர், இப்ப எம லிங்கம் தாண்டறதுக்குள்ள உட்கார்ந்துடறார். பீடி உண்டான்னு முதல் நாளே கேட்டிருந்தேன். "முன்ன இருந்துச்சு சார்"ன்னார். சளியில டிபி இல்லை. எக்ஸ்ரேவுல மேல்பக்கம் இருந்த புள்ளிகளைப் பழைய டிபி தழும்புன்னு ஒதுக்கிட்டேன். பீடியால வந்ததுன்னு முடிவு பண்ணி இன்ஹேலர் எழுதிட்டேன்.

அன்னிக்கு மண்டையில தூசியே ஓடிட்டு இருந்ததால கேட்டேன்: "ஐயா, வயசுல என்ன வேலை பார்த்தீங்க?"

"தங்கவயல்ல டிரில்லு புடிச்சேன் சார். 2001-ல மூடுற வரைக்கும்."

"இத்தனை நாளா சொல்லலையே?"

"நீங்க கேக்கலியே சார்."

கோலார் தங்கவயல். நம்ம வட ஆற்காட்டுலேர்ந்தும் சேலம், தர்மபுரியிலேர்ந்தும் தலைமுறை தலைமுறையா தமிழர்கள் போய் இறங்கின சுரங்கம். 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அடியில பாறை தொட்டா சுடும், குளிர்விச்ச காத்தை மேலேர்ந்து அனுப்பணும். அழுத்தம் தாங்காம பாறையே திடீர்னு வெடிச்சு ஆட்களைக் கொன்னிருக்கு. மூச்சுக்காத்துக்கே மேல இருக்கறவனை நம்பணும். நான் சீரியல்ல பார்த்து வியந்தது இதைத்தானே?

சி.டி. எடுத்தோம். சிலிக்கோசிஸ்.

பாறையைத் துளைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் நுரையீரலோட அடி வரைக்கும் போகும். துப்புரவு பண்ற செல்கள் அதை விழுங்கிட்டுச் செத்துப் போகும். துகள் மறுபடி வெளிய வரும், அடுத்த செல் விழுங்கும். இப்படியே நுரையீரல் தழும்பேறி இறுகும். வேலையை விட்டு 20 வருஷம் ஆனாலும் உள்ள இது நடந்துட்டே இருக்கலாம். தழும்பை மாத்த மருந்து கிடையாது. டிபி வர்ற ஆபத்தும் பல மடங்கு அதிகம்.

எட்டு மாசம் முன்னாடியே கேட்டிருந்தா குணமாக்கியிருப்பேனா? இல்லை. ஆனா டிபிக்குத் தொடர்ந்து கண்காணிச்சிருப்பேன், நிமோனியா தடுப்பூசி போட்டிருப்பேன். முக்கியமா, "எல்லாம் அந்த பீடியால வந்தது"ன்னு அவர் சம்சாரம் முன்னாடி வெச்சுத் திட்டியிருக்க மாட்டேன். அன்னிக்கு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டேன். "விடுங்க சார்"னு சிரிச்சார், அதுக்கே இருமல் வந்துடுச்சு.

இப்ப உங்க வேலை. கல் குவாரி, கிரானைட் பாலிஷ், போர்வெல், சிற்ப வேலை, சிமென்ட், டைல்ஸ் அறுக்குறது, இதுல எதுலயாவது உங்க வீட்டுல யாராவது வேலை பார்த்திருந்தா, அது முப்பது வருஷம் முன்னாடியா இருந்தாலும், டாக்டர்கிட்ட சொல்லுங்க. இப்பவும் பார்க்கறாங்கன்னா, தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்க. முகத்துல கட்டுற துண்டு இந்தத் துகளைத் தடுக்காது, சரியான மாஸ்க் வேணும்.

டாக்டர் கேட்காட்டியும் சொல்லுங்க. நாங்க சில சமயம் மறந்துடறோம்.